சொன்னது சொன்னபடி

ஜூன் 3

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

நான் நலம். நீயும் அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் ஆளுக்கு நாலு "ம்" சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம், கடிதமே தேவலை என்று நீ சொன்னது சரிதான். "ம்" என்று மட்டும் எழுதித் தபால்தலை ஒட்ட யாருக்கும் மனம் வராது.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுபடி வந்து மறுபடியும் தலையை ஆட்டினார். குழாய்க்குக் கீழே வாளி வைத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் குடும்பநல ஆய்வின் கேள்வித்தாள்கள் கட்டுக்கட்டாக வர ஆரம்பித்துவிட்டன. உன் மேசையில் இப்போது உட்காருவது கணக்குப்புலி. கூட்டல் தப்பாது என்பதால் அந்தப் பெயர். ஆனால் தப்பாக நிரப்பிய தாளை உன்னைப்போல் சிவப்பு வட்டம் போட்டு முகத்தில் எறிய அவளுக்கு வராது. பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி, அதையும் பாதி அழித்து வைக்கிறாள். வீடு வீடாகப் போய்த் தாள் நிரப்பி வரும் ஃபீல்டுப் பெண்கள் அவளிடம் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். உன்னிடம் அழுதுவிட்டுப் போவார்கள்.

ஹாஸ்டல் வார்டன் வேலையில் உன்னை நிரந்தரமாக்கப் போவதாக எழுதியிருந்தாய். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாமே. நான் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உன் முடிவு. உன் சாவியும் குடையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்ததைப் படித்தேன். இப்போது அதைப் பேசி என்ன ஆகப்போகிறது? விட்டுவிடு.

அன்புடன்,
நான்


ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குழாய்க்கு இவ்வளவு வரி, எனக்கு ஒரு வரி. "விட்டுவிடு."

நம் வேலையில் பதில் வராத இடத்துக்கு இரண்டு எண் உண்டு. தெரியாது என்றால் 98. சொல்ல மறுத்தார் என்றால் 99. சேர்ந்த புதிதில் நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தெரியாதவங்களும் சொல்லாதவங்களும் ஒண்ணாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். இப்போது நான் கேட்கிறேன். உங்களுக்கு எந்த எண் போடட்டும்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பையன் பிறந்து ஒன்பது நாள் இருந்தான். எனக்கு அறுவைசிகிச்சை, அதன்மேல் காய்ச்சல், மாடி வார்டில் கிடந்தேன். அவன் கீழே கண்ணாடி அறையில். காய்ச்சல்காரியை உள்ளே விடமாட்டோம் என்றுவிட்டார்கள். பிறந்ததும் ஒருமுறை காட்டினார்கள், அப்போது மயக்கத்தில் எனக்குக் கண்ணே நிற்கவில்லை. அப்புறம் கடைசியில், துணியில் சுற்றி. நடுவில் தினமும் உள்ளே போய்வந்தது நீங்கள் ஒருவர்தான். எப்படி இருக்கிறான் என்று கேட்டால் "இருக்கான்" என்பீர்கள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

வீட்டுத் தரகரிடம் "நாங்க ரெண்டே பேர்தான், குழந்தை கிழந்தை எதுவும் கிடையாது" என்று நீங்கள் சொன்னதற்காக நான் கிளம்பவில்லை. தரகரிடம் வேறு எதைச் சொல்வது? அன்று வீடு திரும்பும் வழி முழுக்க நீங்கள் அந்தப் புது வீட்டின் ஜன்னலைப் பற்றியே பேசினீர்கள். அதற்காகத்தான் கிளம்பினேன்.

அக்கா, வேலையை விடாதே என்கிறாள். அத்தான் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் எனக்கென்று தனியாக அலமாரி வாங்கிப்போட்டுவிட்டார். ஹாஸ்டல் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள். வெளியே போகக் காரணம் எழுதச் சொன்னால் எல்லோரும் "சொந்த வேலை" என்று எழுதுகிறார்கள். பழக்கதோஷம், ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறேன். எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

முப்பதாம் தேதி ஹாஸ்டல் செயலாளரிடம் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சி.பே.


ஜூன் 14

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

இங்கே கோடிங்கில், ஒரே ஒரு பதிலுக்கு எந்த எண் போடுவது என்று நானும் கணக்குப்புலியும் சண்டை. எதற்காக வீடு மாறினீர்கள் என்பது கேள்வி. ஒரு பெண் சொல்லியிருக்கிறாள்: "அந்தத் தெருவுல எல்லாருக்கும் என்னைத் தெரியும்." அவ்வளவுதான். கணக்குப்புலி அதை அக்கம்பக்கத் தொல்லையில் சேர்த்திருக்கிறாள். நான் 96, மற்றவை. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாகப் போட்டோம், ஒத்துப்பார்த்தபோது இடித்தது.

"தொல்லைன்னு அந்தம்மா சொன்னாளா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியறதே தொல்லைதான் சார். நீங்க ஆம்பளை, உங்களுக்கு எங்கே புரியப்போவுது!"

"எனக்குப் புரியறதை எழுதறதுக்கா சம்பளம்? அவ சொன்னதை எழுது."

"மற்றவைன்னு தள்ளிட்டா மட்டும் அவ சொன்னதை எழுதின மாதிரியா?"

இன்னும் முடிவாகவில்லை. நீ இருந்தால் என்ன போடுவாய்?

இன்னொன்று. உங்கள் பகுதியும் இந்த முறை ஆய்வுக்குப் பொறுக்கியெடுத்த மாதிரியில் விழுந்திருக்கிறது. ஃபீல்டுப் பெண் அக்கா வீட்டுக்கும் வரலாம். வந்தால் பதில் சொல். அவள் தாளைப் பிடுங்கித் திருத்தாதே. சொந்தக்காரர் தாளை நாங்கள் பார்க்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பகுதிக் கட்டு முழுவதையும் கணக்குப்புலியிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்கு: உன்னை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "நினைவுபடுத்தற மாதிரி எதுவும் பேசாதீங்க, தானா மறந்துடுவாங்க" என்றார். நான் அதைத்தான் செய்தேன்.

அன்புடன்,
நான்


ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

அவள் வந்தாள். ஃபீல்டுப் பெண். தோளில் பை, குதிகால் தேய்ந்த செருப்பு. அக்கா நாற்காலி போட்டாள். வெயிலில் வந்த களைப்பில் பெண் ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தாள். நானும் அதே நிறுவனத்தில் இருந்தவள் என்று சொல்லவில்லை. சொன்னால் பாவம், கேள்வியே மறந்துவிடும்.

முதல் பக்கம், வீட்டில் எத்தனை பேர், கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து. எல்லாம் ஓடிவிட்டது. அடுத்த பகுதியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா அக்கா?"

"இல்லைம்மா."

சட்டென்று வந்துவிட்டது. தரகரிடம் நீங்கள் சொன்ன அதே வேகத்தில். அவள் எழுதிவிட்டு, தாளைப் பார்த்துத் தயங்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பிறந்து, அழுது, கொஞ்ச நேரம் உயிரோட இருந்து, அப்புறம் தங்காமப் போன குழந்தை ஏதாவது உண்டா?"

அந்த வாக்கியம் உங்களுடையது. கேள்வித்தாள் தயாரித்த கூட்டத்தில், செத்துப்போன என்று யாரோ எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "தங்காமப் போன, இப்படிக் கேட்டாத்தான் வாயைத் திறப்பாங்க" என்று சொன்னது நீங்கள். அப்போது நமக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. எத்தனை ஆய்வு தாண்டியும் அந்த வாக்கியத்தை யாரும் மாற்றவில்லை. எங்கெங்கோ சுற்றிவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

உண்டு என்றேன்.

ஆணா பெண்ணா? ஆண். பெயர்? வைக்கவில்லை. எத்தனை நாள் இருந்தது? ஒன்பது. தாய்ப்பால் கொடுத்தீர்களா? இல்லை. அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். அக்கா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பகுதி முடிந்ததும் அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு, "வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க அக்கா, நான் எழுத மாட்டேன், சும்மா கேக்கறேன்" என்றாள். நல்ல பெண். நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை.

கட்டம் சின்னது, வாழ்க்கை பெரியது என்று நாம் அலுவலகத்தில் பெருமூச்சு விடுவோமே. எனக்கு நேர்மாறாக இருந்தது. எனக்குத் தெரிந்தது எல்லாமே அந்தக் கட்டங்களுக்குள் அடங்கிவிட்டது. மிச்சமே இல்லை. பெற்றவளுக்கு இவ்வளவுதான் தெரியுமா என்று அவள் நினைத்திருப்பாளோ என்று வெட்கமாக இருந்தது.

டாக்டர் சொன்னதைக் கேட்டீர்கள், சரி. மறப்பதற்கு முதலில் என்னிடம் ஏதாவது இருக்க வேண்டாமா? இருப்பதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. என்னைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்கவில்லை. சொல்லுங்கள் என்று கேட்கிறேன். அதைக்கூடச் சொல்ல முடியாத ஒருவரோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது. முப்பதாம் தேதி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஹாஸ்டலிலேயே ஓர் அறை தருவார்கள்.

பி.கு. எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்று சொன்னவளுக்குப் புது எண் கொடுங்கள். அவளைப்போல் இன்னும் பத்துப் பேராவது உங்கள் 96இல் கிடப்பார்கள்.

சி.பே.


ஜூன் 23

அன்புள்ள உனக்கு,

நீ கேட்டபடி இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு, என் டைரிக் குறிப்பு இரண்டையும் ஒத்துப்பார்த்துத் தயாரித்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை. எடை, காய்ச்சல், எத்தனை முறை பால், எந்த மருந்து, எந்த டாக்டர் பார்த்தார். ஐந்தாம் நாள் எடை மட்டும் சீட்டில் இல்லை, அதை வெறுமையாக விட்டிருக்கிறேன், ஊகித்துப் போடவில்லை. மற்றதெல்லாம் சரியாக இருக்கும்.

போதுமா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
நான்


ஜூன் 27

தாள் வந்தது. நேர்கோடு, நேர்கட்டம், கையெழுத்து அழகு. என் மகனுக்குக் கோடிங் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

சொந்த வார்த்தையில் பதில் வரும் திறந்த கேள்விக்கு என்ன செய்யச் சொல்வீர்கள்? "முதல்ல சொன்னது சொன்னபடி எழுதிக்கோ. அதுக்கு அப்புறம்தான் எண்." ஒவ்வொரு பயிற்சியிலும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் மற்றதை ஆரம்பிப்பீர்கள். இதில் சொன்னது எங்கே? எண் மட்டும் இருக்கிறது. வட்டம் போடலாம் என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. தாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு வட்டம் போட வேண்டும்.

இனி கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.


ஜூலை 1

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

முப்பதாம் தேதி தாண்டிவிட்டது, தெரியும். உன் வேலை முடிவை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை.

செருப்பை வெளியே விட்டு, முழங்கைவரை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். அங்கியின் நாடாவைப் பின்னால் கட்டத் தெரியாமல் நான் திண்டாடுவேன். தலைமை நர்ஸ் ஒரு பெரியம்மா, கட்டைக் குரல். அவர்தான் கட்டிவிடுவார்.

சிவப்பாக இருந்தான். சுத்தமான சிவப்பு இல்லை, உரித்த மாதிரி. ஒரு காது பாதியில் மடிந்திருந்தது, புத்தகத்தில் அடையாளத்துக்குப் பக்க முனையை மடித்து வைப்போமே, அப்படி. பெரியம்மா விரலால் நிமிர்த்திவிடுவார். அவர் கையை எடுத்ததும் மறுபடி மடிந்துகொள்ளும்.

துணிக்குள் கையை வைத்தால் வைக்கமாட்டான். எப்படிச் சுற்றினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கை வெளியே வந்துவிடும். ஊசி போட, துணி மாற்ற யார் தொட்டாலும் கோபம் வரும். அழுகை இல்லை அது, எதிர்ப்பு. விட்டு விட்டு, யோசித்து யோசித்து, விரலை நீட்டிக் கத்துவான். "வக்கீலய்யா ஆட்சேபணை தெரிவிக்கிறாரு" என்பார் பெரியம்மா. அப்புறம் அந்த அறையில் எல்லோருக்கும் அவன் வக்கீல்தான். நான் போனால், "வக்கீலோட அப்பா வந்தாச்சு, நாடாவைக் கட்டிவிடுங்க" என்று குரல் வரும். பெயர் வைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாய். நாம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் தும்மினான். தும்மிவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் கண்ணைத் திறந்து பார்த்தான். இரண்டு கண்ணும் சேர்ந்து திறந்ததை நான் பார்த்தது அப்போதுதான். உன் கண். நீ தப்பைக் கண்டுபிடித்தால் பார்ப்பாயே, அந்தப் பார்வை.

தாய்ப்பால் கொடுக்கவில்லை என்று சொன்னாய். அது தவறு. உனக்குக் காய்ச்சல் ஏறும்வரை உன் வார்டு நர்ஸ் பிழிந்து கொடுத்தது கீழே வந்தது. வீணாகத்தான் போகிறது என்று நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வீணாகவில்லை. மெல்லிய குழாய் வழியாக ஊற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது, ஊற்றும்போது மட்டும் ஆட்சேபணை இருக்காது.

கடைசி நாள் மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனி நாங்கள் செய்ய எதுவும் இல்லை என்றார். குழாய்களை எடுத்தார்கள். பெரியம்மா, "தூக்கிக்கறீங்களா தம்பி?" என்று கேட்டார். அதுவரை நான் அவனைத் தூக்கியதில்லை. இரும்பு முக்காலியில் உட்காரவைத்துக் கையில் கொடுத்தார்கள். நாம் தூக்கும் ஒரு கேள்வித்தாள் கட்டின் எடைகூட இல்லை. சூடாக இருந்தான். விழித்திருந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் உன்னைப் பற்றிச் சொன்னேன். அம்மா மாடியில் இருக்கா, காய்ச்சல், அதனாலதான் வரலை, வரக்கூடாதுன்னு இல்லை. ரொம்பக் கண்டிப்பு, ஆனா மனசு நல்லது. இப்படி ஏதேதோ. வெளியே யாரோ வாளியை உருட்டிக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவன் அடங்கிவிட்டான். எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா தோளில் கை வைத்தபோதுதான் தெரிந்தது.

அது எனக்குக் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. படியேறி உன் வார்டுக்கு வந்தபோது எனக்கு இது ஒன்றுதான் மனதில் ஓடியது. பட்டினி கிடப்பவளிடம் போய், வயிறு நிறைந்தவன் சாப்பாட்டைப் பற்றி எப்படிச் சொல்வான்? டாக்டர் பேசாதே என்றதும் நல்லதாகப் போயிற்று என்று பிடித்துக்கொண்டேன்.

சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன். எண் எதுவும் போடவில்லை.

நான்


ஜூலை 6

அன்புள்ள உங்களுக்கு,

வேலைக்கு முப்பதாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதம் முன்னால் வந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

கடிதத்தை ஹாஸ்டல் அலுவலகத்தில் வைத்துத்தான் பிரித்தேன். அனுமதி கேட்டு ஒரு பெண் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அப்புறம் வரேன் மேடம்" என்று நழுவப் பார்த்தாள். காரணம் கேட்காமலே அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதற்குள் அந்தச் செய்தி எல்லா மாடிக்கும் போயிருக்கும்.

பால் பற்றி நீங்கள் எழுதிய இடத்தை அக்காவிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். என் கண்ணை எனக்கு நம்ப முடியவில்லை. அவள் படித்தாள். இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். மற்ற பக்கங்களை அவளிடம் கொடுக்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்து அவனிடம் பேசியதில் ஒரு பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். "ஏதேதோ" என்று ஓர் இடத்தில் தள்ளிவிட்டீர்கள். அந்த ஏதேதோ எனக்கு வேண்டும். எந்தப் பக்கத்துக் காது? தும்மினால் சத்தம் வருமா, வராதா? விரலை நீட்டுவான் என்றால் எந்த விரல்?

இதற்கெல்லாம் பதில் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வாருங்கள். அக்கா வீட்டுக்கு வேண்டாம், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன். பின்பக்கம் ஒரு பெரிய மரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது, யாரும் வர மாட்டார்கள். சாயங்கால வண்டிக்குத் திரும்பலாம். அதற்குள் முடியவில்லையென்றால் அடுத்த ஞாயிறும் இருக்கிறது.

உங்கள்,
வக்கீலின் அம்மா